பிரசாதத்துக்கும் ஒரு மாத்திரை

அன்பும் வெல்லமும் நெய்யுமாய் என்னை வளர்த்த அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ இப்போது இருக்கிற இடத்தில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது என்று நீயே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். என் நலத்தைத்தான் சொல்ல வேண்டும். அதிலும் இந்த வாரம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. ஆனால் நேராக விஷயத்துக்கு வருகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கு இருந்தது? கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

அம்மா சௌக்கியம். முழங்கால்தான் வலிக்கிறது, வாய் வலிக்கவில்லை. காலையில் பால்காரனோடு தெலுங்கில் ஒரு சண்டை, மத்தியானம் என்னோடு தமிழில் ஒரு சண்டை. நீ உட்காருகிற நாற்காலியை யாருக்கும் தருவதில்லை. துணி மடித்துப் போடுகிற சாக்கில் தானே அதை நிரப்பி வைத்திருக்கிறாள். நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் போன்ற குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு வீட்டில் ஓர் அப்பாவும் அம்மாவும் திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியவேண்டும். உனக்குப் பெருமை பிடிக்காது, தெரியும். இப்போது உன்னால் என்னைத் தடுக்க முடியாது, என்ன செய்வாய்?

அவர்களுக்காக என் வியாதியை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே உடம்புக்குள் உப்பும் நீரும் போய்வருகிற வழி சரியில்லை. அதனால் நெஞ்சுச் சளி கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். தினமும் தட்டி, ஊதி, இருமி வெளியே எடுக்கவேண்டும். அதே கோந்து கணையத்தின் வாயையும் அடைத்துவிடும். ஜீரண நீர் குடலுக்கு வராது. நெய், பால், எண்ணெய் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். அந்த ஜீரண நீரை மாத்திரையாக வெளியிலிருந்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் போட்டுக்கொள்ளவேண்டும்.

வியாதியை வேலூரில் கண்டுபிடித்தபோது நான் இரண்டாம் வகுப்பு. எவ்வளவு சாப்பிட்டாலும் சதை பிடிக்காத நோஞ்சான். அந்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதப் போனவர், உன் நெற்றித் திருமண்ணைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினாராம். "சொல்லாம கொடுக்க எனக்கு மனசு வரல சார். இது பன்றியோட கணையத்துலேர்ந்து எடுக்கறது. வேற வழி கிடையாது" என்றாராம். கோயிலில் கோஷ்டியோடு நின்று தினமும் பாசுரம் சேவிக்கிற பரம்பரை. வெங்காயம்கூட வாசல் தாண்டி வராத வீடு. அம்மாவுக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "குழந்தைக்கு ஜீரணமாகுமோல்லியோ?"

"ஆகும்."

"அப்போ எழுதுங்கோ."

ஒரு டீ சொல்கிற நேரம்கூட அவர் யோசிக்கவில்லையடி என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற கர்வத்தை நீ பார்த்திருக்கிறாயா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரே ஓர் ஏற்பாடு செய்தாய். "எல்லாத்தோடயும் குடு. பெருமாள் பிரசாதத்தோட மட்டும் வேண்டாம். அதையும் இதையும் ஒரே கையிலே சேர்க்கவேண்டாம்டீ." அம்மாவும் சரியென்றாள். யார்தான் மறுத்திருப்பார்கள்? அன்றிலிருந்து மாத்திரை அம்மா கையால், பிரசாதம் உன் கையால் என்று வீடு இரண்டு இலாகாவாகப் பிரிந்தது. நீ அந்தப் பாட்டிலைத் தொட்டதே கிடையாது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பிரசாதம் என்றால் விரல் நுனியில் வாங்கி வாயில் போட்டுக்கொள்வதைத்தான் நினைப்பார்கள். நமக்கு அப்படியா? கோஷ்டி முடிந்து உன் பங்கு வரும். வெண்பொங்கல், ஒருநாள் புளியோதரை, ஒருநாள் சர்க்கரைப் பொங்கல். ஈரத் துணியில் முடிந்து நீ கொண்டுவருவதற்குள் துணியில் நெய் ஊறியிருக்கும். அதுதான் என் காலைப் பலகாரம், பள்ளிக்கூட நாள் முதல்.

டாக்டர்கள் கேட்பார்கள்: "சாப்பிடும்போதெல்லாம் மாத்திரை போடறீங்களா?" நாம் மூன்று பேரும் ஒரே குரலில் ஆமாம் என்போம். பொய்யில்லை அப்பா, நாம் மனதார நம்பித்தான் சொன்னோம். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கலாம் என்று நம் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. அதைச் சேர்ப்பது அபசாரம் மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. எலும்புக்கென்று ஒரு விட்டமின் கொடுத்தார்கள். நெய்ப் பசையுள்ள எதனோடாவது கொடுங்கள், அப்போதுதான் உடம்பில் சேரும் என்றார்கள். நம் வீட்டில் நெய் எதில் அதிகம்? அம்மா சமர்த்தாக அதைக் காலைப் பொங்கலோடு கொடுத்தாள். விட்டமின் உள்ளே போனது, நெய்யும் போனது. இரண்டையும் உடம்பில் சேர்க்கிற மாத்திரை மட்டும் அலமாரியில் இருந்தது. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்த புதுசு. திருப்பதியிலிருந்து காலை ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பாகாலா தாண்டியதும் இருமல் வந்தது. எனக்கு இருமல் என்ன புதுசா? கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். விலாவில் படக்கென்று ஒரு சத்தம். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், யாரோ அப்பளம் உடைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அப்பளம் இல்லை, என் விலா எலும்பு. இருமினதற்கு உடைந்துவிட்டது.

சிரிக்கிற விஷயம் மாதிரி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு உயிர் போய்விட்டது அப்பா. விலா ஆறுகிற வரைக்கும் ஓங்கி இரும முடியாது, முதுகைத் தட்ட முடியாது. இருமாவிட்டால் சளி வெளியே வராது. வராவிட்டால் நெஞ்சுக்குள்ளேயே தங்கிக் காய்ச்சலாகும், நுரையீரல் கெடும், கெட்டது திரும்பாது. எலும்பு என்பது நிற்பதற்கும் நடப்பதற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சு விடுவதற்கே எலும்பு வேண்டும் என்று திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாளே காய்ச்சல் வந்துவிட்டது.

அங்கே என் வியாதியைப் பார்த்துக்கொள்கிற நம் தெலுங்கு டாக்டரம்மா எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோதை என்கிற என் பெயர் அவர் வாயில் எப்போதும் கோதாதான். "கோதா, உனக்கு இருபத்திரண்டு வயசு. எலும்புக்கு அறுபது தாண்டிப்போச்சு. விட்டமின் ரத்தத்துல ஏறவே இல்லம்மா. மாத்திரை சரியாப் போடறே, விட்டமின் சரியா எடுக்கறே. அப்புறம் எங்க போகுது?" நெய்யில் கரைகிற சத்து அது, மாத்திரை இல்லாமல் போன நெய்யோடு அதுவும் போய்விடும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காய்ச்சலில் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

நீ சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து நின்றாய். தோளில் கிடந்த உத்தரீயத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாய். சன்னிதியில் தவிர வேறெங்கும் நீ அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"டாக்டர், நீங்க சாப்பாடுன்னு கேக்கறச்சே நாங்க பிரசாதத்தைச் சேர்த்துக்கலே. தினம் கார்த்தால இவளுக்கு நெய்ப் பொங்கல்தான். அந்த விட்டமினும் அதோடதான். அதோட மாத்திரை குடுக்கப்படாதுன்னு சொன்னவன் நான். இவ எலும்பைக் கரைச்சது நான்தான்."

அந்த அறையில் நர்ஸ் இருந்தாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் இருந்தார்கள், ஊரில் உன்னைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட இல்லை நீ. அம்மா, "ஏன்னா, நானும்தானே..." என்று ஆரம்பித்தாள். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

எத்தனை அப்பாக்களைப் பார்த்துவிட்டேன் இதற்குப் பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாக்களில். பிள்ளைக்கு ஒன்று என்றால் டாக்டர் சரியில்லை, மருந்து சரியில்லை, பெண்டாட்டி சரியில்லை. என் அப்பா மட்டும் எழுந்து நின்று நான்தான் என்று சொன்னான். அந்தக் கணம் எனக்கு உன்மேல் கோபம் வரவேண்டும் என்று நியாயப்படி ஒன்று இருக்கிறதல்லவா? வரவே இல்லை அப்பா. இப்படி ஒருத்தனுக்குப் பிறந்திருக்கிறோமே என்றுதான் இருந்தது.

டாக்டரம்மா படத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். "சாமி, எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க. இந்த வியாதியே எலும்பைத் தின்னும். அடிக்கடி வர்ற காய்ச்சல் தின்னும், சில மருந்தும் தின்னும். எடை கம்மி, வெயில் கிடையாது, ஓட்டம் கிடையாது. இதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான். ஆனா இது நம்ம கையில இருக்கற காரணம்." பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். "பொங்கலை நிறுத்திடாதீங்க. இந்தப் பொண்ணுக்கு அந்த நெய் வேணும். மாத்திரை இல்லாம வேண்டாம், அதுதான்."

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கெட்டிக்காரி. "பிரசாதத்துலே ஒரு பருக்கை மட்டும் எடுத்துக்கட்டும். நான் ஆத்துலேயே நெய்யா விட்டுப் பொங்கல் பண்ணித் தரேன், அதோட மாத்திரை போட்டுக்கட்டும். உங்களுக்கும் சங்கடமில்லே." யாருக்கும் வலிக்காத வழி. எனக்குக்கூடச் சரியென்று பட்டது.

நீ ஒப்பவில்லை. "அவளுக்குன்னு தினம் வர்றதை ஒரு பருக்கையாக்க நான் யாருடீ? பொங்கலும் அவர் குடுத்ததுதான், மாத்திரையும் அவர் குடுத்ததுதான். ஒண்ணை வாங்கிண்டு இன்னொண்ணைத் தள்ளி வையின்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு."

மறுநாள் காலை, கோயிலிலிருந்து வந்து துணி முடிச்சை வைத்துவிட்டு அம்மாவிடம் கையை நீட்டினாய். "அந்த பாட்டிலைக் குடு." அம்மா தயங்கினாள். நீயே வாங்கித் திறந்தாய். உனக்குத் திறக்கத் தெரியவில்லை. அழுத்தித் திருக வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். என் வலது உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாய். நான் விழுங்கியதும் அதே உள்ளங்கையில் பொங்கலை வைத்தாய். "சாப்பிடுடி கோதை" என்றாய். எப்போதும் "எடுத்துக்கோ" என்பாய்; பிரசாதத்துக்குச் சாப்பிடு என்ற வார்த்தையை நீ சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

இதை யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். நாலு சுவருக்குள் நடந்தது யாருக்குத் தெரியப் போகிறது? நீ நேரே போய்க் கோஷ்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாய். அன்று சாயங்காலமே உன் தம்பி, நம் வரதன் சித்தப்பா, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அண்ணா, நீ அந்தக் கையோட நாளைக்குக் கோஷ்டிக்கு வரப்போறியா?"

"குளிச்சுட்டுத்தானேடா வரேன்."

"குளிச்சாப் போயிடுமா அது?"

"போகலேன்னா பெருமாள் சொல்லட்டும். உங்கிட்ட ஏண்டா சொல்லியனுப்பறார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலா வலியோடு சிரித்துவிட்டு அழுதேன். சித்தப்பா முறைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வாயில் அப்படி வெடுக்கென்று பேசியவன், மறுநாள் என்ன செய்தாய்? யாரும் சொல்லாமல் நீயாகவே வரிசையின் கடைசியில் போய் நின்றாய். தாத்தா காலத்திலிருந்து முன்வரிசை இடம் உனக்கு. உன் கணீரென்ற குரலில்தான் பாசுரத்தை எடுக்கவே ஆரம்பிப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏம்ப்பா பின்னாலே போய் நிக்கணும்? என்ன தப்புப் பண்ணினே?" என்று கத்தினேன்.

"பக்கத்துலே நிக்கறவாளுக்கு மனசு சங்கடப்பட்டா அவா சேவிக்கறது கெட்டுடுமேடி. பின்னாலே நின்னா மட்டும் என் குரல் அவருக்குக் கேக்காதா?" என்றாய். அப்புறம் கண்ணைச் சிமிட்டினாய். "கடைசியிலே நிக்கறவனுக்குத்தான் அடிப் பொங்கல் வரும். நெய்யெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கு. நன்னாயிருக்கே இது!" நிஜமாகவே அதற்கப்புறம் வந்த பொங்கலில் நெய் அதிகம்தான்.

இப்போது யோசித்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. உனக்கு ஆசாரம் ஒரு துளி குறையவில்லை. ஏகாதசிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாய், மடித்துணியை யாரும் தொடவிடவில்லை. என்னை மட்டும் ஏகாதசியன்று நாலு வேளை சாப்பிட வைத்தாய், பக்கத்தில் உட்கார்ந்து, பசித்த வயிற்றோடு. "எனக்கு விரதம், உனக்கு எலும்பு" என்பாய். எதை விடக்கூடாது, எதை யாருக்காக விடலாம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

விலா ஆறியதும் டாக்டரம்மா அடுத்த வேலையைக் கொடுத்தார். "எலும்பு ஒரு சோம்பேறி. வேலை கொடுத்தாத்தான் கெட்டியாகும். வேகமா நட, மாடிப்படி ஏறு, கொஞ்சம் கொஞ்சமாக் குதி. காலை வெயில்ல பண்ணு." எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற வயசுப் பெண் மொட்டை மாடியில் குதித்தால் தெருவே வேடிக்கை பார்க்காதா? மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேஷ்டியைப் பஞ்சகச்சமாக இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் கூரை அதிர்ந்தது. ஓடிவந்து பார்த்தால், அறுபதை நெருங்குகிற மனுஷன், குடுமி அவிழ்ந்து ஆட, தங்கு தங்கென்று குதித்துக்கொண்டிருக்கிறாய். எதிர்வீட்டு ரெட்டியார் குடும்பம் முழுக்க ஜன்னலில். "ஏமி ஸ்வாமி, ஏமாயிந்தி?" என்று அவர் பதறிப்போய்க் கேட்கிறார். "ஒண்ணுமில்லே, எலும்புக்கு நல்லதாம்! நீங்களும் வாங்கோ!" என்று நீ குதித்துக்கொண்டே பதில் சொல்கிறாய். தெரு என்னைப் பார்க்குமே என்றுதானே பயந்தேன்? அதற்குமேல் என்னை யார் பார்ப்பார்கள்? நானும் வந்து குதித்தேன்.

வெயிலில் நின்று பெண் கறுத்துவிட்டாள், யார் பண்ணிக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் வந்து அங்கலாய்த்தார்கள். "கறுப்புதானே? பெருமாளும் கறுப்புதான். அவருக்கு ரெண்டு நாச்சியார்" என்றாய். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. அம்மா எள்ளுருண்டை பிடித்தாள், கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள், நீ அவற்றுக்கெல்லாம் மாத்திரையை ஞாபகப்படுத்தினாய். அடுத்த ஸ்கேனில் எலும்பு அடர்த்தி அதற்குமேல் இறங்கவில்லை. அதற்கடுத்ததில் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் கொஞ்சத்துக்கு நீ தெருவில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாய்.

போன மாசியில் ஒருநாள் காலை, என் கையில் மாத்திரையையும் பொங்கலையும் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கறேண்டி" என்று படுத்தாய். அப்படியே போய்விட்டாய். உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றுதான் ஊர் முழுக்க நினைத்திருந்தது. நீயும் உள்ளூர அப்படிப் பயந்திருந்தாய், எனக்குத் தெரியும். அந்தத் துக்கத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி, வெளியில் சொல்லமுடியாத நிம்மதி.

சஞ்சயனத்தில் உன் எலும்பைப் பொறுக்கி, அஸ்தியைச் சேர்த்துவிட்டு வந்த சித்தப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணாவுக்கு எலும்பு என்ன கெட்டிடி கோதை" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். உன்னை நினைத்து அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

இப்போது பிரசாதம் கொண்டுவருவது அவர்தான். ஒருநாள் தவறுவதில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பாட்டிலை எடுப்பதற்குள், "நான் கிளம்பறேன், அப்பறம் எடுத்துக்கோ" என்று ஓடிவிடுவார். அவரால் பார்க்க முடியாது. நானும் அவரை மாற்ற முயற்சிக்கவில்லை. ஆனால் வாசல்படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "நெய் கொஞ்சம் ஜாஸ்தியாக் கேட்டு வாங்கிண்டு வந்திருக்கேன்" என்பார்.

சரி, சேதிக்கு வருகிறேன். இப்போது மாம்பழ சீசன். கம்பெனி வாசலில் லாரிகள் சாலை முனை வரைக்கும் நிற்கின்றன. முற்றம் முழுக்கப் பழத்தோலும் சாறும். போன செவ்வாய்க்கிழமை எடைமேடைப் பக்கம் போகிற அவசரத்தில் கால் வழுக்கியது. சும்மா வழுக்கவில்லை அப்பா, இரண்டு காலும் மேலே போய், சிமெண்டுத் தரையில் இடுப்பு அடிபட, அப்படியே மல்லாந்தேன். பழம் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"ஐயையோ, மேடம் வுழுந்துட்டாங்க! இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, தூக்குங்கடா!" என்று ஒரே கூச்சல். குடிபாலா கிராமத்திலிருந்து பழம் தரம் பிரிக்க வருகிற லட்சுமி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னா கண்ணு, இடுப்பு கிடுப்பு ஒட்ஞ்சிபூட்ச்சா? அசையாத படுத்துக்கினு இரு. ஆட்டோ வந்துக்கினு கீது."

நான் அசையவில்லை. பயம். எந்தச் சத்தத்தையும் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இடுப்பு போனால் மாசக்கணக்கில் படுக்கை. படுத்தால் சளி. சளி தங்கினால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. மாம்பழ வாசனையில் படுத்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டேனா, பெருமாளைக் கூப்பிட்டேனா, சத்தியமாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இனி யார் என்று மட்டும் தெளிவாக நினைத்தேன்.

சித்தூரில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் சின்னப் பையன். என்னை அவருக்குத் தெரியாது, என் வியாதி தெரியாது. லட்சுமி கூட்டிக்கொண்டு வந்த ஒரு கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அவசரத்தில் சொன்னார். "ஒண்ணும் இல்லீங்க. எலும்பு நல்லா இருக்கு. வெறும் வீக்கம்தான், ஐஸ் வைங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

காது கேட்காதவள் என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "எலும்பு நல்லா இருக்கும்மா!"

உன் பெண்ணுக்கு ஊரில் எல்லோருக்கும் வருகிற மாதிரி வெறும் வீக்கம் வந்திருக்கிறது அப்பா. இடுப்பில் நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றிப்போன தடம். கண்ணாடி முன்னால் நின்று அதை எத்தனை முறை பார்த்தேன் தெரியுமா? அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "உங்கப்பாட்ட சொல்லுடி."

அதுதான் சொல்லிவிட்டேன். மறுநாளே எழுந்து நடந்தேன், ஓங்கி இருமினேன், சளியெல்லாம் வெளியே வந்தது, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. இனி நான் ஒரு வாக்குக் கொடுக்கவேண்டும், இல்லையா? கொடுக்கிறேன். அவசரப்பட்டு உன்னைப் பார்க்க வரமாட்டேன். அங்கே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. நான் வர ரொம்ப நாளாகும், அப்பா.

விழுந்து எழுந்த உன் பெண்,
கோதை